குத்திய முள் உள்ளேதான் இருக்கிறது



ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பத்தாங் பெர்ஜுந்தாய் பட்டணத்தைத் தாண்டி, தென்னமரம் தோட்டத்துப் பக்கம் செம்மண் சாலையில் போய்க்கொண்டிருக்கிறேன். செம்பனை மட்டைகளிலிருந்து பனி சொட்டுகிறது. வேறு சத்தமே இல்லை. அப்போது பின்சக்கரத்திலிருந்து மெல்ல ஒரு சீறல். பத்து மிதி மிதிப்பதற்குள் ரிம்மு தரையில் இடிக்கிறது. பஞ்சர்.

இறங்கி, டியூபை உருவி, ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒட்டுப் போட்டு, காற்றடித்துப் புறப்பட்டேன். இருபது நிமிட வேலை. ஒரு கிலோமீட்டர் போயிருக்க மாட்டேன், மறுபடியும் அதே சீறல். மறுபடியும் இறங்கி ஒட்டினேன். மூன்றாவது முறை காற்று இறங்கியபோது கையில் ஒட்டும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த நடையில்தான் அப்பாவின் குரல் நினைவுக்கு வந்தது.

அப்பா இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போயாக வேண்டும். பெரட்டில் பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி போச்சு. நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு கெடுகிறது. அவருக்கு அதே பஞ்சர் ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும். அதனால் முந்தின இரவே லயத்து வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு டயரையும் சோதித்துவிடுவார். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். டயரைக் கழற்ற அம்மாவின் பழைய கரண்டிக் காம்பு. டியூபை முக்கிப் பார்க்கத் துணி துவைக்கும் பேசின்.

ஒருநாள் நான்தான் ஒட்டுகிறேன் என்று அடம்பிடித்து ஒட்டினேன். ஒட்டி முடித்து டியூபை உள்ளே திணிக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓட்டைய ஒட்டிட்டா போதுமாடா? குத்தினவன் இன்னும் உள்ளேயே குந்தியிருக்கானே!"

ஒரு பழந்துணியை மடித்து டயரின் உட்புறம் முழுக்கச் சுற்றித் தடவினார். ஓரிடத்தில் துணி சிக்கியது. அரிசி முனை அளவுக்கு ஒரு முள். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் நம் எடை அழுத்தி, அந்த முனையை டியூபுக்குள் இறக்கிவிடும். இத்தனை வருடம் கழித்து நான் இரண்டு முறை ஒட்டி இரண்டு முறையும் தோற்றதற்கும் இதே மாதிரி ஒரு முள்தான் காரணம்.

நேயர்களே, நம் வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அறிய வேண்டிய முதல் எதிரி, செம்பனை மட்டையின் அடிக்காம்பில் இருக்கும் முள். குலை அறுக்கும்போது மட்டைகளையும் வெட்டி, மரவரிசைகளுக்கு நடுவே அடுக்கிவிடுவார்கள். டிராக்டர் சக்கரம் ஏறி, மழை அடித்து, அந்த முட்கள் சாலைக்கு வந்துவிடுகின்றன. காய்ந்த முள் டயரில் ஏறியதும் உடைந்து, முனை மட்டும் உள்ளே தங்கிவிடும். கையில் நகவெட்டி ஒன்றிருந்தால் போதும், பிடித்து இழுத்துவிடலாம். தடவும்போது துணியால் தடவுங்கள். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும்.

இந்த முள்ளைத் தரும் செம்பனை மலேசியாவில் வணிக முறையில் முதலில் நடப்பட்ட இடமும் இதே தென்னமரம் தோட்டம்தான். ஆண்டு 1917. நட்டவர் ஆன்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர். ஒரு பிரெஞ்சுக்காரரின் தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர் நிலைத்திருப்பது எனக்கு எப்போதும் பெருமை. பட்டணத்துக்கு அரசாங்கம் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்திருக்கிறது. நம் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான்.

மறுபடி பஞ்சருக்கு வருவோம். டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், ஆணி, கண்ணாடி. பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மு டியூபை நசுக்கியிருக்கிறது. உட்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை இருந்தால் ஸ்போக் கம்பியின் தலை குத்துகிறது. ரிம்முக்குள் இருக்கும் பட்டையை மாற்ற வேண்டும். வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை, டியூபையே மாற்றுங்கள்.

ஒட்டுவதில் பெரும்பாலோர் தவறுவது பொறுமையில். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனைத் தடவிய உடனே ஒட்டை வைத்து அமுக்கிவிடுகிறார்கள். அது பிடிக்காது. சொல்யூஷனின் பளபளப்பு அடங்கி, தொட்டால் விரலில் வராத பதம் வரும்வரை காத்திருங்கள். ஐந்து நிமிடம் ஆகலாம். அதற்குள் டயரைத் துணியால் தடவிவிடலாமே!

டயரே கிழிந்துவிட்டால்? பையிலிருக்கும் ஒரு வெள்ளி நோட்டை எடுங்கள். அது காகிதமில்லை, பாலிமர். நான்காக மடித்துக் கிழிசலுக்கு உட்புறம் வைத்து, அதன்மேல் டியூபை வைத்து அளவாகக் காற்றடித்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். ஒருமுறை புக்கிட் ரோத்தான் பக்கமிருந்து அப்படித்தான் வந்தேன்.

இந்தப் பஞ்சர் கதைக்கெல்லாம் ஆரம்பமான, டயரில் காற்றை அடைக்கும் யோசனையை 1888இல் பெல்பாஸ்ட்டில் இருந்த ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. சைக்கிளும் அதன்பின் மோட்டார் காரும் பரவி, ரப்பருக்குத் தேவை பெருகி, சிலாங்கூர்க் காடுகள் தோட்டங்களாயின. நம் பாட்டன் பாட்டிகள் கப்பலேறி வந்தது அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டத்தான். இன்றைய டியூப் பெரும்பாலும் செயற்கை ரப்பர். அப்பா ஒட்டிய டியூபோ அவர் வெட்டிய மரத்தின் பாலிலிருந்து வந்த சரக்கு. அந்தக் கையில் அந்த டியூப் சொன்னபடி கேட்டதில் ஆச்சரியமில்லை.

சைக்கிள் பழுது ஒரு போரிலும் இந்த மண்ணில் முக்கியமாக இருந்திருக்கிறது. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானியப் படை, பெருமளவு சைக்கிளில்தான் தெற்கே வந்தது. பழுது பார்க்கிறவர்களும் படையோடு வந்தார்கள். வெயிலில் டயர்கள் வெடித்தபோது, வெறும் ரிம்மிலேயே மிதித்தார்கள். இரவில் அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டுப் பீரங்கி வண்டி வருகிறது என்று எதிர்ப்படை பயந்ததாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. நீங்கள் ரிம்மில் ஓட்டாதீர்கள். ரிம்மு நெளிந்தால் ஒட்டுக்குச் செலவாகும் ஓரிரு வெள்ளி, பல நூறு வெள்ளியாகிவிடும்.

இன்னொன்று முக்கியம். செம்பனைக் காட்டில் பழுது பார்க்க உட்காரும்போது மட்டைக் குவியல் பக்கம் போகாதீர்கள். அங்கே எலி இருக்கும். எலியைத் தேடி நாகம் வரும். சாலை நடுவே, திறந்த வெளிச்சத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலை செய்யுங்கள். கிளம்புமுன் எந்தத் தோட்டத்து வழியாகப் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளே சில இடங்களில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. மத்தியானத்துக்குமேல் இடி மழை பிடித்துக்கொண்டால் செம்மண் சாலை சேறாகி, சங்கிலி, பிரேக் எல்லாவற்றிலும் ஏறிவிடும். அந்தச் சேற்றை அன்று மாலையே கழுவி, சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடாவிட்டால், அடுத்த ஞாயிறு துருவோடு கிளம்புவீர்கள்.

முன்பெல்லாம் தோட்டத்துப் பட்டணங்களில் சைக்கிள் கடை கண்ணில் படும். சீனத் தவுக்கே தரையில் குந்தி, வரிசையில் நிற்கும் சைக்கிள்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். இன்று அப்படிப்பட்ட கடைகள் குறைந்துவிட்டன, லயங்களும் காலியாகிவிட்டன. அப்பா மாதிரி ஆட்கள் கையில் இருந்த இந்தத் தொழிலறிவை அவர்களோடு போகவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. விலையுயர்ந்த சைக்கிளும் தலைக்கவசமும் வாங்கிக் கொடுக்கிறோம். ஒரு பஞ்சர் ஒட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா?

வரும் சனிக்கிழமை மாலை, காற்று இறங்காத நல்ல டயரையே வீட்டு வாசலில் வைத்துக் கழற்றுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். துணியை அவர்கள் கையில் கொடுத்து உட்புறம் ஒரு சுற்றுத் தடவச் சொல்லுங்கள். துணி எங்காவது சிக்கினால், அந்த முள்ளை அவர்களே எடுக்கட்டும்.