ட்ரையர் சுத்தலையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பத்து நிமிடம்

(கீழப்பழுவூரில் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஐப்பசி, கார்த்திகை வந்தா நம்ம வீடுகள்ல ஒரே கேள்விதான்: "துணி காஞ்சிடுச்சா?" கீழப்பழுவூருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓடுற பகுதி இது. நல்ல வெயில் நாள்லகூட, ரோட்டோரக் கொடியில போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் வேற நிறத்துல திரும்பி வரும். அதனால செமி ஆட்டோமேட்டிக் மெஷின்ல துவைக்கிற தொட்டி எவ்வளவு முக்கியமோ, பக்கத்துல இருக்கிற ட்ரையரும் அவ்வளவு முக்கியம்.

வெளிநாடுகளில் ட்ரையர் என்றால், சூடான காற்றில் துணியைக் காயவைக்கும் தனி இயந்திரம். நம்ம வீட்டு ட்ரையர்ல ஹீட்டர் கிடையாது. நிமிடத்துக்கு 1,300 சுற்று வாக்கில் சுழன்று தண்ணீரை வெளியே தள்ளுது, அவ்வளவுதான். வேலை எளிமை என்பதால் பழுதும் பெரும்பாலும் எளிமைதான்.

போன மழைக்காலத்துல எங்க வீட்டு ட்ரையர் நின்னுபோச்சு. 'ம்ம்ம்'னு சத்தம் வருது, சுத்தல. வந்து பார்த்தவர் பின்பக்க மூடியைக்கூடக் கழற்றாம, "மோட்டார் போயிடுச்சு, 2,500 ரூபாய் ஆகும்"னு சொல்லிட்டார். அம்மா சிலிண்டருக்கு எடுத்து வெச்ச பணத்தை எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. "ஒரு நாள் பொறும்மா"ன்னு சொல்லிட்டு, டார்ச் அடிச்சுப் பார்த்தேன். சுழலும் கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவுல தம்பியோட சாக்ஸ் ஒண்ணு மாட்டியிருந்துச்சு. கம்பியை வளைச்சு எடுத்தோம். செலவு பூஜ்யம்.

ஆனா அன்னைக்கு நானும் ஒரு தப்பு பண்ணேன். சுவிட்சை மட்டும் அணைச்சுட்டு, பிளக்கைப் பிடுங்காம கையை விட்டேன். அப்பா போட்ட சத்தம் இன்னும் காதுல கேக்குது. அதனால முதல்ல பாதுகாப்பு.

பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியிற இடத்துல வையுங்க. கை, கால், தரை ஈரமில்லாம இருக்கணும். மெஷினைத் தொட்டா லேசா 'சுர்'ருன்னு இழுத்துச்சுன்னா, அதுக்கப்புறம் அதைப் போடவே கூடாது. எர்த் இணைப்பை எலக்ட்ரீசியன் பார்க்கணும். வீட்டு மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தா, கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிச்சுடும். உயிரைக் காப்பாத்துற கருவி அது. வாரண்டி முடியாத மெஷினை நீங்களா திறக்காதீங்க, வாரண்டி கிடைக்காம போகலாம்.

இப்போ அறிகுறிகளைப் பார்ப்போம்.

சத்தமே இல்லை, சுத்தவும் இல்லை: அதே பிளக் பாயிண்ட்ல வேற பொருளைப் போட்டுப் பாருங்க. அது வேலை செஞ்சா, ட்ரையர் டைமரைத் திருப்புங்க; 'டிக் டிக்'னு ஓடணும். அடுத்து மூடி. மூடி சரியா மூடினாத்தான் அதுக்கடியில் இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தை விடும். மூடியின் கீல் உடைஞ்சிருந்தாலும் ட்ரையர் ஓடாது. மூடி திறந்தபடியே ஓடட்டும்னு அந்த சுவிட்சை நேரடியா இணைக்கச் சொல்றவங்க உண்டு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. குழந்தை கையை விட்டா என்ன ஆகும்னு யோசிங்க.

சத்தம் வருது, சுத்தல: முதல்ல இடையில துணி மாட்டியிருக்கா பாருங்க. அடுத்து பிரேக். மூடியைத் திறந்தா கூடை நிக்கணும்னு ஒரு பிரேக் வெச்சிருக்காங்க. மூடினா ஒரு ஒயர் அதை இழுத்து விடுவிக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றுங்க. ஒருத்தர் மேல்மூடியைத் திறந்து மூடட்டும், நீங்க பின்னாடி பாருங்க. பிரேக் கட்டை விலகலைன்னா ஒயர் தளர்ந்திருக்கு அல்லது அறுந்திருக்கு. அதுவும் சரின்னா கெபாசிட்டர் மேல சந்தேகம் வரும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுல மின்சாரம் தங்கியிருக்கும், அதனால அதைத் தொடாதீங்க. மாத்தும்போது, பழையதுல எழுதியிருக்கிற அதே அளவுதான் போடணும்னு மெக்கானிக்கிடம் சொல்லுங்க. மாலை நேரத்துல மட்டும் இப்படி ஆகுதா? மின்விசிறியும் மெதுவா ஓடுதா? அப்போ குறை மின்னழுத்தத்துல இருக்கலாம். மின்னகம் 94987 94987-ல புகார் பதிவு பண்ணுங்க.

மெஷினே ஆடுது: துணி ஒரு பக்கமாச் சேர்ந்திருக்கும். சமமாப் பரப்பி, மேல உள்மூடியைப் போட்டு அழுத்துங்க. தரை சமமா இருக்கான்னும் பாருங்க.

துணி பிழியவே இல்லை: தண்ணீர் வெளியேறலைன்னா கூடை வேகம் எடுக்காது. டிரெயின் குழாய் மேலே தூக்கியிருக்கா, மடங்கியிருக்கா பாருங்க.

அடியில தண்ணீர் சொட்டுது, அல்லது கருகின வாடை வருது: உடனே நிறுத்துங்க. ரப்பர் சீல் கிழிஞ்சா தண்ணீர் மோட்டார் மேலயே விழும். இது நம்ம வேலை இல்லை.

மெக்கானிக் எல்லாரும் ஏமாத்துறவங்கன்னு நான் சொல்ல வரல. நீங்க "சத்தம் வருது, பிரேக் விலகுது, சுத்தல"ன்னு சொன்னா அவருக்கும் வேலை சுலபம். மாத்தின பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க, பில் கேளுங்க. பழுதை ஒரு வீடியோ எடுத்து வெச்சுக்குங்க.

அப்படியும் நியாயம் கிடைக்கலைன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. கட்டணம் இல்லை, தமிழ்லயே பேசலாம். பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்களின் பழுது, உதிரிபாக விவரங்களுக்கான இடம் அது. அடுத்த படி, அரியலூரிலேயே உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் புகார் தரணும். செல்போன் வழியாகவே மனு தாக்கல் செய்யலாம். பில் இருந்தா பாதி வழக்கு ஜெயிச்ச மாதிரி.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, ட்ரையர் இடுக்குல டார்ச் அடிச்சுப் பாருங்க. காணாமப்போன கைக்குட்டை அங்கதான் இருக்கும்.