ஃபிராங்க்ளினைத் திட்டிய கவுட்

1780 அக்டோபரில், பாரிஸ் அருகே பாஸியில் தங்கியிருந்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தன்னை வாட்டிய கவுட் மூட்டுவலியோடு ஓர் உரையாடல் எழுதினார். அதில் நோய் அவரை வெளுத்து வாங்குகிறது: அளவு மீறிய சாப்பாடு, நடக்காமல் எந்நேரமும் செஸ்!

பாதி நியாயமான திட்டுதான். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், படிகமாகி மூட்டில், பெரும்பாலும் கால் கட்டைவிரலில், படியலாம். உடலில் யூரிக் அமிலமாக மாறும் ப்யூரின் என்ற பொருள் மிகுந்த ஈரல், மத்தி, நெத்திலியோடு பீரும் இனிப்புக் குளிர்பானமும் அதை ஏற்றும்.

பாவம், பருப்பும் கீரையும்தான் வீண்பழி சுமக்கின்றன. அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், ப்யூரின் மிகுந்த காய்கறிகள் கவுட் அபாயத்தைக் கூட்டவில்லை. கொழுப்பு குறைந்த பால் அதைக் குறைத்தது.

பத்தியத்தால் மட்டும் யூரிக் அமிலம் பெரிதாக இறங்கிவிடாது. அதனால், மருத்துவர் தந்த மாத்திரையை நேயர்கள் தாமாக நிறுத்த வேண்டாம்.