ஓட முடியாத உயிரின் ஆயுதக் கிடங்கு



ஏரிகள் சூழ்ந்த அம்பத்தூரில் என்னைக் கடலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பரவாயில்லை. நான் பேச வந்த உயிர் இங்குள்ள தொழிற்பேட்டைக்காரர்களுக்கு அந்நியமில்லை. துளை போடுவதுதான் அதன் தொழில்!

கடற்பஞ்சு. பார்த்தால் செடி மாதிரி இருக்கும், ஆனால் விலங்கு. மூளை, இதயம், வயிறு எதுவும் கிடையாது. உடம்பெங்கும் உள்ள துளைகளால் கடல்நீரை இழுத்து, அதிலுள்ள பாக்டீரியாவை வடிகட்டித் தின்று, மிச்ச நீரைப் பெரிய துளை வழியே தள்ளிவிடும். அதில் கிளையோனா என்று ஒரு வகை. முத்துச்சிப்பி ஓட்டையும் பவளப்பாறையையும் உள்ளே புகுந்து குடையும். சுண்ணாம்பை வேதிப்பொருளால் அரித்து, பொடிச் சில்லுகளாகப் பெயர்த்து வெளியே தள்ளும். நம் டிரில் பிட்டாவது மழுங்கும்.

சரி, எதிரி வந்தால் என்ன செய்யும்? ஓட முடியாது, ஒளிய முடியாது. அதனால் நஞ்சு சமைக்கிறது. அந்தச் சமையலில் ஒரு பகுதி, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் கைவேலை. நமக்கு மருந்துக் குறிப்பு கிடைத்ததும் இந்தச் சமையலறையில்தான். 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர், கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் விசித்திரமான சர்க்கரை கோத்த மூலக்கூறுகளைக் கண்டார். அவற்றை முன்மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் செய்ததுதான் சைட்டாராபின். 1969இல் அமெரிக்கா அனுமதித்தது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் புற்றுநோய்ச் செல் இதை டி.என்.ஏ.வின் அசல் துண்டு என்று நம்பி எடுத்துக்கொள்ளும்; வேலை அங்கேயே நின்றுவிடும். ரத்தப் புற்றுநோய் வார்டுகளில் இன்றும் ஏறும் மருந்து இது.

ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றின் கதை இன்னும் கடினம். 600 கிலோ பஞ்சிலிருந்து கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி என்ற மூலக்கூறு வெறும் 12.5 மில்லிகிராம்! அந்த மூலக்கூறைச் சுருக்கிச் செயற்கையாகச் செய்த எரிபுலின், 2010 முதல் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து. கடலை வாரி மருந்து செய்ய முடியாது. கடலிடம் சூத்திரம் கேட்கத்தான் முடியும்.

நம் கடல்? சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இங்கே சேகரித்த கடற்பஞ்சுகளைப் பற்றி ஆர்தர் டெண்டி என்ற விலங்கியலாளர் 1887இலேயே எழுதிவிட்டார். பிறகு மண்டபம் என்ற கடலோர ஊரில் பி. ஏ. தாமஸ் என்ற ஆய்வாளர், மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக 200க்கும் மேற்பட்ட இனங்களை அடையாளம் கண்டார். எப்படி? ஒரு சிட்டிகைப் பஞ்சை பிளீச்சிங் திரவத்தில் போட்டால் சதை கரைந்துவிடும். அடியில் கண்ணாடி ஊசிகள் மிஞ்சும்; நட்சத்திரம், நங்கூரம், இருமுனை ஊசி என்று பல வடிவம். மைக்ரோஸ்கோப்பில் அவற்றை அளந்து, ஒப்பிட்டு, பெயர் சூட்ட வேண்டும். பொறுமையான வேலை; புகழ் கிடைக்காத வேலை.

நம் உயிர்வளத்தில் இன்னொருவர் லாபம் பார்த்தால் நமக்குப் பங்கு தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம். அதற்கான தேசிய ஆணையம் நம் தரமணியில்தான் இருக்கிறது. ஆனால் பெயரே தெரியாத உயிருக்கு எந்தக் கணக்கில் பங்கு கேட்பது?

பெயர் சூட்ட ஆள் வேண்டும். ஆகவே பெற்றோர்களே, பிளஸ் டூ முடித்த பிள்ளை விலங்கியல் படிக்கிறேன் என்றால், "அதுக்கு வேலை எங்கே இருக்கு?" என்று வாயை அடைக்காதீர்கள். சேர்த்துவிடுங்கள்.