நோய் இருக்கும் இடத்துக்கே போகும் மருந்து

புற்றுநோய்க்கு ஊசி போட்டுக் கொள்ளும் பெண்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "ரெண்டு ஊசியிலேயே தலைமுடி கொட்டிப் போச்சு. வாந்தி நிக்கல. வாயெல்லாம் புண்ணு. இனிமே வேணாம்னு வீட்டுக்காரரும் சொல்லிட்டாரு." இப்படிப் பாதியில் நிறுத்தினால் குணமாகக் கூடிய நோயும் உயிரைக் குடித்து விடும். ஏன் இந்தத் தொல்லை வருகிறது, அதைக் குறைக்க என்ன முயற்சி நடக்கிறது என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே தெரிந்து கொள்ளுங்கள்.

புற்றுநோய் உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. பெருகுகிற உயிரணுவைத் தாக்குவதே பல ஊசி மருந்துகளின் வேலை. நம் முடியின் வேர், வாய், குடலின் உட்புறம், இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் உள்ள நல்ல உயிரணுக்களும் வேகமாகப் பெருகுபவையே. களைக்கு அடிக்கிற மருந்து பயிர் மேலே பட்டால் பயிரும் வாடுது இல்லையா? அது போலத்தான். சிகிச்சை முடிந்தபின் முடி பெரும்பாலும் திரும்ப முளைத்து விடும்.

மருந்து களை மேல் மட்டும் படும்படி செய்ய முடியாதா? 1975-இல் ஜெர்மனி நாட்டு வேதியியல் அறிஞர் ரிங்ஸ்டார்ஃப் ஒரு வழி சொன்னார். மருந்தைத் தனியாக அனுப்பாமல் ஒரு பாலிமரோடு பிணைத்து அனுப்பலாம் என்றார். பாலிமர் என்பது, பூச்சரம் போலச் சிறு மூலக்கூறுகள் பல கோத்து உண்டான சங்கிலி. பருத்தி நூலும் ரப்பரும் பாலிமர்தான். ஆபரேஷன் செய்த இடத்தில் பிரிக்காமலேயே கரைந்து போகும் தையல் நூலும் ஒரு பாலிமரே. அதே வகைப் பாலிமரைக் கொண்டும் இன்று மருந்துத் துகள்கள் செய்கிறார்கள்.

கொழுக்கட்டையில் மாவுக்குள் பூரணம் இருப்பது போல, துகளுக்குள் மருந்து இருக்கும். ஒரு தலைமுடியின் பருமனை ஆயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் இத்துகளின் அளவு.

சரி, இது கட்டியை எப்படிக் கண்டுபிடிக்கும்? 1986-இல் ஜப்பானில் மட்சுமுரா, மாயேதா என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். கட்டி அவசரமாக வளர்வதால் அதன் இரத்தக் குழாய்கள் நண்டு வளை விழுந்த வரப்பு போல ஓட்டையாக இருக்கும். நல்ல குழாயில் வெளியேற முடியாத துகள் அங்கே கசிந்து உள்ளே தங்கும். இன்னொரு வழியும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு தருகிறோமே ஃபோலிக் அமிலம், அதைப் பிடித்துக் கொள்ளும் கொக்கிகள் சில புற்றுநோய் உயிரணுக்களில் அதிகம். ஆகவே துகளின் மேல் ஃபோலிக் அமிலத்தை ஒட்டி அனுப்பிப் பார்க்கிறார்கள். இதைக் கேட்டுக் கர்ப்பிணிகள் மாத்திரையை நிறுத்தி விடக் கூடாது. அது தாய்க்கும் சேய்க்கும் அவசியம்.

இவற்றுள் சில நடைமுறைக்கும் வந்து விட்டன. டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்தைக் கொழுப்புக் குமிழியில் அடைத்து, மேலே பாலிமர் போர்த்திய ஊசிக்கு 1995-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இதனால் இருதயத்துக்கு வரும் கெடுதல் குறைந்தது. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும் தொல்லை சிலருக்கு வந்தது. பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். ஆய்வுக்கூட விலங்குகளுக்குச் செலுத்திய துகள்களில், நூற்றில் ஒரு பங்குகூடப் பொதுவாகக் கட்டிக்குப் போய்ச் சேரவில்லை. போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

ஆகையால், "புது மருந்து வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். காத்திருப்பது நாம்தான், கட்டி காத்திருக்காது. இன்று கையில் இருக்கும் மருந்தே, ஆரம்பத்தில் தொடங்கி முழுதும் போட்டுக் கொண்டால், பலரைக் குணமாக்குகிறது. தொல்லை வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்திக்கும் புண்ணுக்கும் மருந்து உண்டு. காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. மனைவியை ஒதுக்கி வைக்காதீர்கள், ஊசி போடும் நாளில் கூடவே போங்கள். சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரிப்பது தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. எனவே ஆணுறை பயன்படுத்துங்கள். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கருத்தடை மாத்திரை ஆகாது. பின்னால் குழந்தை வேண்டும் என்றால் முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி விடுங்கள்.

முப்பது வயதான தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்தையும் கருப்பை வாயையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். வலிக்காத கட்டிதானே என்று விட்டு விடாதீர்கள். இருவரும் சேர்ந்து வாருங்கள், சீக்கிரம் வாருங்கள்.