தாய்ப்பாலும் தொழிற்சாலைத் தாயும்

(மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"பால் வற்றிவிட்டது" என்னும் சொல்லை நம் தெருக்களில் அடிக்கடி கேட்கின்றோம். பேறுகாலம் கழிந்து வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் தாய் இதனைச் சொல்லுகிறாள்; வீட்டார் புட்டிப்பாலுக்கு ஏற்பாடு செய்கின்றனர். குறை அவள் உடம்பினது என்பது ஊரார் முடிபு. பெரும்பாலும் குறை உடம்பில் அன்று. அவளுக்குக் கிடையாத நேரத்திலும் இடத்திலும் உள்ளது என்பதே யான் கூற வந்தது.

ஊற்றுக்கிணறு இறைக்க இறைக்கச் சுரக்கும், தாய்ப்பாலும் அத்தன்மைத்தே. மகவு சப்புந்தோறும் பிட்யூட்டரிச் சுரப்பியினின்று பாலை உண்டாக்கும் புரோலாக்டினும், அதனை வெளிப்படுத்தும் ஆக்சிடோசினும் வெளிப்படுகின்றன. பால் மார்பிலேயே தேங்கி நிற்பின் சுரப்புக் குறையும். இரவில் புரோலாக்டின் மிகுதியாதலின் இரவுப் பாலூட்டலை விடுதல் ஆகாது.

1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். அதன்பின் சிவகாசியில் தழைத்த தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பெண்மக்களின் உழைப்புப் பெரிது. காலையில் சென்று மாலையில் மீளும் தாய், இடையில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் பாலைப் பீய்ச்சி எடுப்பின் சுரப்புக் குன்றாது. இதற்குப் பம்பு கட்டாயமன்று, கையே போதும். மின்கருவிக்கு மருந்து அறையில் இடமும் இல்லை. அவ்வறைக்கு அப்பால் தூய தனியிடம் வேண்டும். அலுமினியத் தூளும் கந்தகமும் படிந்த கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதலும், வீடு சேர்ந்ததும் குளித்து உடைமாற்றிய பின்னரே பிள்ளையை எடுத்தலும் இன்றியமையாதன.

கொதிநீரில் இட்டெடுத்த மூடியுள்ள பாத்திரத்தில் பாலைச் சேர்க்க. வெளியில் 4 மணி நேரத்துக்கு மேல் வைத்தல் கூடாது. நம் ஊர்க் கோடையில் அதற்கு முன்னரே கொடுத்தல் நன்று. குளிர்ப்பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். அடுப்பேற்றிக் காய்ச்சாமல், வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்திக் குளிர் நீக்குக. புட்டியை விடுத்துப் பாலாடையால் புகட்டுக. முதல் 6 மாதம் தாய்ப்பாலே உணவு. வெயிலாயினும் தண்ணீர் வேண்டா. பிறந்தவுடன் சர்க்கரைநீரால் சேனை வைத்தலை ஒழித்துச் சீம்பாலைக் கொடுக்க. நாளொன்றுக்கு 6 முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவரும் பிள்ளைக்குப் பால் போதுமானதே. எடை ஏறாவிடின் தாமதியாது மருத்துவரிடம் காட்டுக.

ஆலை நடத்தும் அன்பர்களே! குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு 2 பாலூட்டும் இடைவேளைகளை 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் வகுத்தது. 50 பேர் பணிசெய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும், தாய் அங்கே 4 முறை சென்று வரலாமென்றும் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிற்று. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவை உள. ஆயினும் எண்ணிக்கைக் கூலி பெறுபவள் எழுந்து சென்ற கால்மணி நேரம் அவளுக்குக் கூலி இழப்பாகின்றது. கூலியா, பிள்ளையின் பாலா என்று ஒரு தாயைத் தெரிந்தெடுக்க வைத்தல் நமக்கு அழகன்று. அக்கால்மணியின் கூலியைக் குறையாது கொடுங்கள். ஓர் அறையும் ஒதுக்குங்கள்.

கணவன்மார்களே! இரவில் பால் கொடுத்தவளுக்கு விடியலில் தண்ணீர்க்குடமும் அடுப்பும் காத்திருத்தல் முறையன்று. அவற்றில் ஒன்றையேனும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.