‘மதராசி’ என்ற சொல்லும் நம் பிள்ளைகளின் மனமும்
(மும்பை தாராவியில் சங்க உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, ரேஷன் கார்டு, குடியிருக்கும் இடம் ஆகியவற்றைப் பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று கண்ணுக்குத் தெரியாத ஓர் உடைமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ‘நான் யார், எனக்கு என்ன மதிப்பு’ என்று ஒரு பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணமே அது.

அந்த எண்ணம் பிறவியிலேயே வருவதன்று. பிறர் நம்மைப் பார்க்கும் பார்வையைக் கண்ணாடியாகக் கொண்டே நாம் நம்மை அறிகிறோம் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் எழுதினார். கண்ணாடி கோணலானால் முகமும் கோணலாகத்தான் தெரியும்.

1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பினத் தம்பதியர் ஒரு சோதனை நடத்தினார்கள். நிறம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருந்த பொம்மைகளை, 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்தார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டால், பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். ‘உன்னைப் போல் இருப்பது எது?’ என்றதும் சில குழந்தைகள் அழுதுவிட்டன. இதை அந்தப் பிஞ்சுகளுக்கு யார் பாடம் நடத்தியது? ஊரும் தெருவும் நடத்தின! நிறத்தால் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வையும் சுட்டிக்காட்டியது.

நம் தெருவுக்கு வருவோம். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த காலத்துச் சொல் ‘மதராசி’. 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. 1969இல் நம் மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆயிற்று. சொல் மட்டும் சாகவில்லை. 1966இல் சிவசேனா தோன்றியபின், தென்னிந்தியரின் லுங்கியைக்கூடக் கேலி முழக்கமாக்கினார்கள். இந்தக் கேலியைக் கேட்டு வளரும் பிள்ளை, ரயிலில் தாய் தமிழ் பேசினால் ‘மெதுவாப் பேசும்மா’ என்று முந்தானையை இழுக்கிறது. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. தன்னைத் தாழ்வாக எண்ணுகிறவன் நாளை கூலி உயர்வு கேட்க வாய் திறப்பானா?

1925இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தின் பெயரே சுயமரியாதை. இதே நகரில் 1920இல் அம்பேத்கர் தொடங்கிய ஏட்டின் பெயர் ‘மூக்நாயக்’, அதாவது வாயற்றவர்களின் தலைவன். மானமும் குரலும் உரிமையின் வேர்கள் என்பதை இரு பெயர்களும் சொல்கின்றன.

கோணல் கண்ணாடி வெளியாரிடம் மட்டுமா இருக்கிறது? பெண்பிள்ளையைக் ‘கறுப்பி’ என்று அழைக்கும் வீடு, ஊரில் விட்டு வந்த சாதியைக் கல்யாணப் பேச்சில் எடுத்து வைக்கும் வீடு, இவையும் பிள்ளை முன் அதே கண்ணாடியைத்தான் பிடிக்கின்றன. அதை முதலில் உடைப்போம்!

தோல் பதனிடும் தொழிலில் இந்தத் தாராவியை வளர்த்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். மாலையில் ஒரு பக்கமாவது தமிழ் படிக்க வைப்போம். மராத்தியும் நன்றாகக் கற்கட்டும். அண்டை வீட்டார் மொழியைக் கற்பதால் தாய்மொழிக்குக் குறைவில்லை. தமிழன், மும்பைக்காரன், தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்ற மூன்றையும் ஒருவனே தலைநிமிர்ந்து சொல்லலாம். அப்படிச் சொல்லும் தலைமுறையை வளர்ப்பதும் சங்கத்தின் வேலைதான்.