டூ-ஸ்ட்ரோக் இயந்திரமும் காற்றுக் கசிவும்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பைராம் தோட்டத்தில் வளர்ந்தவன். அந்தக் காலத்தில் நிபோங் திபால் பக்கமிருந்து வரும் யமாஹா ஆர்எக்ஸ்இசட் சத்தத்தைக் கேட்டே வருவது யாரென்று சொல்லிவிடுவோம். அந்த வண்டிகளை இன்றும் பிரித்துப் பூட்டுகின்ற தம்பிமார் இங்கே பலர் இருக்கின்றீர்கள். உங்களுக்கு ஒரே ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லவே வந்துள்ளேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். ஓராண்டுக்குள் பிஸ்டன் இரண்டு முறை ஜாம். முதல் முறை சிலிண்டரைப் போர் அடித்துப் புதுப் பிஸ்டன் போட்டாயிற்று. இரண்டாம் முறை நெடுஞ்சாலையில் பின்சக்கரம் இறுகிவிட்டது, பின்னால் லாரி. சட்டென்று கிளட்ச்சைப் பிடித்ததால் உயிர் தப்பினார். "அண்ணே, பிஸ்டன் மட்டமான சரக்கு. மறுபடியும் போர் அடித்துக் கொடுங்க" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1891இல் இங்கிலாந்தின் ஜோசப் டே காட்டிய வழியில்தான் இந்த இயந்திரங்கள் இன்றும் மூச்சு விடுகின்றன. பெட்ரோல் கலந்த காற்று முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் கேஸுக்குள் வந்து, அங்கே அழுத்தப்பட்டு மேலே போகிறது. எனவே கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். மேக்னெட் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை வரும். கையை விட்ட பிறகும் இயந்திரம் இறங்காமல் இரைந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள்.

சோதனை எளிது. புகைபோக்கித் துளையை ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். ஆயில் பம்புக் குழாய்த் துளையையும் அடையுங்கள். பலர் மறப்பது இதைத்தான். பிளக் இறுக்கமாக இருக்கட்டும். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, கார்புரேட்டர் இருந்த வாயிலிருந்து காற்றை ஏற்றுங்கள். புகைபோக்கிப் பக்கமிருந்து ஏற்றினால் ரீட் வால்வு மூடிக்கொண்டு, அதற்கு அப்பால் உள்ள கசிவை மறைத்துவிடும்.

அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு போதும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கொண்டு வராதீர்கள், சீல் பிதுங்கிவிடும். இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியே நல்லது: அதன் முள் 300இல் நின்றால் ஏறக்குறைய 5.8 பவுண்டு. நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. பிறகு சவர்க்கார நீரைப் பூசி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். கிளட்ச் பக்கத்துச் சீல் கண்ணுக்குத் தெரியாது. கியர் எண்ணெய் ஊற்றும் துளைமேல் சவர்க்காரப் படலத்தைப் படியவிட்டால் அது உப்பிக் காட்டும்.

சில சீல்கள் அழுத்தத்தில் இறுகி, உறிஞ்சும்போது மட்டும் கசியும். கைப்பம்பால் உள்ளிருந்து காற்றை உறிஞ்சியும் பார்ப்பது நல்லது.

தம்பியின் வண்டியில் முள் ஒரு நிமிடத்துக்குள் 300இலிருந்து 100க்கு வந்தது. மேக்னெட்டைக் கழற்றினேன், சீலின் கீழ் ஓரத்தில் பொரிபொரியாகக் குமிழிகள். சில வெள்ளிச் சாமான்! இரண்டு சீல்களையும் மாற்றிய பிறகு முள் அசையவில்லை. அதன் பின்னரே போர் அடிக்க அனுப்பினேன்.

அந்தக் கருவி இன்னும் என் பட்டறையில் இருக்கிறது. வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம். திருப்பிக் கொடுத்தால் சரி.